அடிப்பிடித்த கரியின் கணக்கு

பசுமை வேதியியலும் உயிர்த்திரள் வினையூக்கமும் குறித்த இந்தக் கருத்தரங்குக்குத் என்னைத் தலைமை ஏற்கச் சொல்லியிருக்கிறார்கள்.

துறை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவது தலைமை உரைகளின் வழக்கம். எனக்கு அதில் விருப்பமில்லை. ஒரு வேதியியல் அறிஞரின் ஆய்வு வாழ்க்கையையும், நாம் எல்லோரும் சுரண்டித் தூக்கி எறியும் ஒரு பொருளையும் பற்றி மட்டும் பேச நினைக்கிறேன்.

அந்தப் பொருளை நான் முதலில் பார்த்தது ஆய்வு மாணவனாகச் சேர்ந்த ஆண்டில். ஃப்ரக்டோஸையும் கொஞ்சம் அமிலத்தையும் நீரில் கரைத்து, எஃகு அழுத்தக் கலத்தில் இட்டுச் சூடாக்கினேன். ஆறிய பின் திறந்தால், மேலே தேன் நிறத்தில் திரவம். அடியில் கருகிய பிசுக்கு. திரவத்தைப் பகுப்பாய்வுக்கு அனுப்பினேன். பிசுக்கைக் கரண்டியால் சுரண்டிக் குப்பையில் போட்டேன். முடிவுகளை எடுத்துக்கொண்டு போனபோது என் நெறியாளர் எண்களைப் பார்க்கவே இல்லை. "ஏம்ப்பா, அடியில இருந்ததை எடை போட்டியா?" என்று மட்டும் கேட்டார். போடவில்லை. போட்ட சர்க்கரையின் கார்பனையும் திரவத்தில் கிடைத்த கார்பனையும் அவர் ஒரு தாளில் எழுதிக் கழித்துக் காட்டினார். பெரும் பங்கு காணாமல் போயிருந்தது. காணாமல் போனது அத்தனையும் குப்பைக் கூடையில்தான் கிடந்தது.

வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் நின்றவர்களுக்கு இது புதிதல்ல. பாகு கொஞ்சம் தவறினால் அடிப்பிடிக்கும். வேதியியலில் அதற்கு ஹியூமின் என்று பெயர். சர்க்கரையிலிருந்து மூன்று நீர் மூலக்கூறுகளை நீக்கினால் ஹைட்ராக்சிமெத்தில்ஃபர்ஃபுரல் கிடைக்கும், எச்.எம்.எஃப். என்று சுருக்கமாகச் சொல்கிறோம். பிளாஸ்டிக், எரிபொருள், கரைப்பான் என்று பல திசைகளில் வழி திறக்கும் மூலக்கூறு அது. ஆனால் பிறந்த இடத்திலேயே அதை விட்டுவைத்தால், அமிலச் சூட்டில் தன் இனத்தோடும் மிச்சச் சர்க்கரையோடும் பிணைந்து கரியாகிவிடும். விளைபொருள் உருவாவதைவிட அது உருவான பிறகு பிழைத்திருப்பதுதான் கடினம். நம் துறையின் பாதிச் சிக்கல் இதுதான்.

மறுபாதி, நாம் யாரிடம் தொழில் கற்றோம் என்பதில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டு வினையூக்கத்தின் பெரும் பகுதி பெட்ரோலியத்திடம் கற்றது. பெட்ரோலியத்தில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. தேவையான இடத்தில் ஏற்றுவதே வேலை. குளுக்கோஸின் எடையிலோ பாதிக்கு மேல் ஆக்சிஜன். இங்கே இறக்குவதே வேலை. அதுவும் எதை இறக்குவது, எதை விடுவது என்று தெரிந்து இறக்க வேண்டும். பெட்ரோலியக் கூறுகளை ஆவியாக்கி வினையூக்கியின் மேல் செலுத்தலாம். சர்க்கரை ஆவியாகாது, அதற்கு முன்பே கருகும். எனவே சூடான நீருக்குள்தான் வேலை. ஆவிநிலையில் ஆண்டுக்கணக்கில் தாங்கும் காமா-அலுமினா அந்த நீரில் மெல்லப் போமைட்டாக உருமாறுகிறது. அதன் மேல் அமர்ந்திருந்த உலோகத் துகள்கள் இடம் பெயர்ந்து திரள்கின்றன. எண்ணெய் ஆலையில் பேர் வாங்கிய வினையூக்கியை அப்படியே கொண்டுவந்து சர்க்கரை நீரில் போட்டவர்கள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

இந்த இரண்டு சிக்கல்களையும் நேருக்கு நேர் எதிர்கொண்டவர் என்று நான் மதிப்பவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் - மேடிசன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டுமெசிக். ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் பூதாரிடம் 1974-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1976-இல் மேடிசனில் ஆசிரியராகச் சேர்ந்தார். அடுத்த கால் நூற்றாண்டு அவர் பெயர் உயிர்த்திரளோடு சேர்த்துப் பேசப்பட்டதே இல்லை. இரும்பின் மேல் அம்மோனியா எப்படி உருவாகிறது, ஒரு பரப்பில் ஒவ்வொரு அடிப்படைப் படியும் எவ்வளவு வேகத்தில் நடக்கிறது என்பவையே அவருடைய கேள்விகள். நுண்வினை வேகவியல் குறித்து உடன் ஆய்வாளர்களோடு அவர் எழுதிய நூல் 1993-இல் வந்தது. இளைஞர்கள் இந்த இருபத்தைந்து ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். பின்னால் வந்த புகழ் எல்லாம் இந்தக் காலத்தில் போட்ட அடித்தளத்தின் மேல் எழுந்தது.

2002-இல் நேச்சர் இதழில், ரேண்டி கார்ட்ரைட்டும் ருபாலி தவ்டாவும் உடனிருக்க, அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். சர்க்கரையையும் ஆல்கஹால்களையும் நீரில் கரைத்து, அழுத்தத்தில் நீரை ஆவியாக விடாமல், ஏறத்தாழ 225 டிகிரி செல்சியஸ் சூட்டில் பிளாட்டினம் வினையூக்கியின் மேல் செலுத்தினால் ஹைட்ரஜன் கிடைக்கும் என்பதே செய்தி. நீரை ஆவியாக்கும் வெப்பச் செலவு மிச்சம். சூடு குறைவு என்பதால் கார்பன் மோனாக்சைடும் குறைவு. செய்தித்தாள்கள் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டன. நான் அந்தக் கட்டுரையில் மதிப்பது வேறொன்றை. மெத்தனாலும் எத்திலீன் கிளைக்காலும் நன்றாக வேலை செய்கின்றன, சார்பிட்டால் பரவாயில்லை, குளுக்கோஸ்தான் பின்தங்குகிறது என்பதை அவர்கள் அதே படத்தில், அதே அச்சில் போட்டுக் காட்டினார்கள். எதன் பெயரால் ஆய்வு தொடங்கியதோ அந்தச் சர்க்கரையே தடுமாறுகிறது என்று சொல்ல அவர்கள் தயங்கவில்லை. மறு ஆண்டே பிளாட்டினத்தின் இடத்தில் வெள்ளீயம் சேர்த்த நிக்கலை வைத்தார்கள். நிக்கல் தனியாக இருந்தால் ஹைட்ரஜனை மீத்தேனாக்கி வீணடிக்கும். வெள்ளீயம் அந்தக் கையைக் கட்டிப்போடுகிறது.

அதன் பிறகு அடிப்பிடிப்புக்கு வருகிறார்கள். 2006-இல் யூரி ரோமன்-லெஷ்கோவ் என்ற மாணவரோடு சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை அது. நீருக்கு மேலே நீரோடு கலக்காத ஒரு கரைப்பானை மிதக்க விட்டார்கள். எச்.எம்.எஃப். பிறந்தவுடன் மேலே ஏறிவிடும்; கீழே அமிலத்தின் பிடியில் சிக்காது. பிள்ளையை அடுப்பங்கரையிலிருந்து தூக்கித் திண்ணையில் உட்கார வைப்பதுபோல என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன். ஃப்ரக்டோஸ் செறிவு எடையில் 10 முதல் 50 விழுக்காடு வரை இருந்தபோதும், 90 விழுக்காடு மாற்றத்தில் 80 விழுக்காடு தெரிவுத்திறன் கிடைத்தது. செறிவைக் கவனியுங்கள். ஒரு விழுக்காட்டுக் கரைசலில் அழகான எண் காட்டுவது எளிது. தொழிற்சாலை அவ்வளவு நீரைச் சுமக்காது.

2007-இல் இன்னும் ஒரு படி. நீரில் சாப்பாட்டு உப்பைக் கரைத்தால் எச்.எம்.எஃப். மேல் கரைப்பானுக்கு இன்னும் அதிகமாக ஏறுகிறது. அதிலிருந்து டைமெத்தில்ஃபியூரான் செய்யலாம். எத்தனாலைவிட 40 விழுக்காடு கூடுதல் ஆற்றல் அடர்த்தி கொண்ட, நீரில் கலக்காத எரிபொருள். ஆனால் மேலே ஏறிய திரவத்தோடு குளோரைடும் கொஞ்சம் ஏறிவிடுகிறது. அடுத்த கட்டத்தில் காத்திருக்கும் செம்பு வினையூக்கிக்கு அது நஞ்சு. முதல் அறையில் உதவிய உப்பு இரண்டாம் அறையில் கொல்கிறது. அதற்காகத்தான் செம்போடு ருதேனியம் சேர்த்தார்கள். ஒவ்வொரு படியையும் தனித்தனியே தூய வேதிப்பொருளில் செய்து பார்த்துவிட்டு, இணைத்தால் வேலை செய்யும் என்று எழுதிவிடும் நமக்கு இதைவிடக் கூர்மையான பாடம் இல்லை.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது காமா-வேலரோலாக்டோன். உயிர்த்திரளிலிருந்தே லெவுலினிக் அமிலம் வழியாகச் செய்யப்படும் திரவம். அதையே கரைப்பானாக வைத்து, நீரும் எடையில் வெறும் 0.05 விழுக்காடு கந்தக அமிலமும் சேர்த்து, சோளத்தட்டையையும் மரத்தையும் கரைத்து, 70 முதல் 90 விழுக்காடு வரை சர்க்கரை எடுத்ததாக 2014-இல் சயன்ஸில் எழுதினார்கள். நொதி தேவைப்படவில்லை. நான் சுரண்டி எறிந்த அந்தக் கரும்பிசுக்கையும் இந்தத் திரவம் கரைத்துக்கொள்கிறது. கலத்தின் அடியில் ஒட்டவில்லை என்றால் குழாய் அடைக்காது, வினையூக்கி மூச்சு முட்டாது. கரி இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது, அளக்க முடிகிறது. எனக்கு அதுவே பெரிய முன்னேற்றம்.

ஹைட்ராக்சிமெத்தில்ஃபர்ஃபுரல் என்ற நீண்ட பெயருக்குள் இருக்கும் ஒரு பெயரை நினைவுபடுத்தாமல் இருக்க முடியவில்லை. ஜெர்மன் வேதியியலாளர் டோபரைனர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபார்மிக் அமிலம் செய்யும்போது உடன்விளைவாகக் கண்ட எண்ணெய்க்குப் பின்னால் ஃபர்ஃபுரல் என்று பெயர் வந்தது. லத்தீனில் ஃபர்ஃபுர் என்றால் தவிடு. 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம், ஆலையில் மலைபோல் குவிந்த ஓட்ஸ் உமியிலிருந்து அதை வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கியது. நம் நாட்டில் அசாமின் நுமாலிகரில் மூங்கிலிலிருந்து எத்தனாலோடு ஃபர்ஃபுரலும் அசெட்டிக் அமிலமும் எடுக்கும் ஆலை வந்திருக்கிறது. தவிட்டுக்குப் பிறந்த பெயர் இன்றும் உழைக்கிறது.

கழிவு என்ற சொல்லைப் பற்றியும் பேச வேண்டும். நம் ஆய்வுக் கட்டுரைகளில் கரும்புச் சக்கையும் வைக்கோலும் கழிவு என்றே முதல் வரியில் வருகின்றன. சர்க்கரை ஆலையில் போய்க் கேளுங்கள். சக்கைதான் அவர்களுடைய கொதிகலனுக்கு எரிபொருள்; மின்சாரமும் அதிலிருந்துதான். கரூர் மாவட்டம் புகளூரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை சக்கையை நம்பியே நிறுவப்பட்டது. வைக்கோல் மாட்டின் வயிற்றுக்குப் போகிறது. ஒருவர் கையிலிருந்து எடுத்துத்தான் நம் கலத்தில் போடுகிறோம். எடுத்ததற்கு ஈடாக அவருக்கு என்ன போகிறது என்பதையும் பசுமையின் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கணக்கு என்றதும் ரோஜர் ஷெல்டன் நினைவுக்கு வருகிறார். ஒரு கிலோ விளைபொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்ற எளிய கேள்வியை அவர் 1992-இல் முன்வைத்தார். எண்ணெய்ச் சுத்திகரிப்பில் 0.1-க்கும் கீழே, மருந்துத் தயாரிப்பில் 25 முதல் 100-க்கும் மேல். நாம் அழுக்கு என்று சுட்டும் தொழில் இந்த அளவுகோலில் தூய்மையாகவும், தூய்மை என்று நம்பும் தொழில் அழுக்காகவும் தெரிந்தன. பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் 1998-இல் எழுதிய பன்னிரண்டு கோட்பாடுகளில் ஏழாவது புதுப்பிக்கத்தக்க மூலப்பொருள், ஒன்பதாவது வினையூக்கம். முதலாவதோ கழிவு உண்டாகாமல் தடுப்பது. ஏழாவதையும் ஒன்பதாவதையும் பிடித்துக்கொண்டு முதலாவதை மறந்தால் நாம் செய்வது பசுமை வேதியியல் ஆகாது.

மீண்டும் டுமெசிக்கிடம் வருகிறேன். அவருடைய ஆய்வகத்தில் பயின்ற ஜெரமி லூட்டர்பாக்கர் சுவிட்சர்லாந்து சென்று, 2016-இல் மரத்திலிருந்து லிக்னினைப் பிரித்தெடுக்கும்போதே ஃபார்மால்டிஹைடு சேர்த்து அது கட்டிப்படாமல் காத்தார். ஒற்றை மூலக்கூறுகளின் விளைச்சல் பல மடங்கு உயர்ந்தது. அறிவுக்கு விருந்து; ஆனால் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் விளைவிக்கும் பொருள். பின்னர் வேறு ஆல்டிஹைடுகளையும் அவர்கள் முயன்றார்கள். விளைச்சலின் மகிழ்ச்சியில் கேள்வியை மூடிவிடாத அந்தப் பழக்கம் மேடிசனிலிருந்து வந்தது என்று நம்புகிறேன்.

2002-இல் கார்ட்ரைட்டும் டுமெசிக்கும் தொடங்கிய விரென்ட் நிறுவனம், தாவரச் சர்க்கரையிலிருந்து செய்த நறுமண ஹைட்ரோகார்பன் கலவையை விமான எரிபொருளுக்குத் தந்தது. 2021 டிசம்பரில் சிகாகோவிலிருந்து வாஷிங்டனுக்குப் பயணிகளோடு பறந்த விமானத்தின் ஒரு எஞ்சினில் முழுக்கப் புதுப்பிக்கத்தக்க மூலத்திலிருந்து வந்த எரிபொருள். அதில் இந்தக் கலவையும் இருந்தது. ஒரு சின்ன உலோகக் குழாயில் இருந்த ஒரு விழுக்காட்டுச் சர்க்கரைக் கரைசல் வானத்தை எட்டப் பத்தொன்பது ஆண்டுகள். இங்கே மூன்று ஆண்டு நிதியோடு வந்திருக்கும் மாணவர்கள் தளர வேண்டாம். நிதி தருபவர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும்.

இந்த மூன்று நாள்களும் ஒவ்வொரு அமர்விலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கப் போகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம். போட்ட கார்பன் எவ்வளவு, எடுத்தது எவ்வளவு, அடியில் மிஞ்சியது எவ்வளவு? ஐந்தாம் முறை பயன்படுத்தியபோது வினையூக்கி எப்படி இருந்தது, அதன் உலோகத்தில் எவ்வளவு நீரில் கரைந்து போனது என்பதும் அதற்குள் அடக்கம். கடையில் வாங்கிய தூய சர்க்கரையில் கிடைத்த எண்ணையும், வயலிலிருந்து வந்த பொருளில் கிடைத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள். இரண்டாவது எண் சிறிதாக இருந்தால் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்; நான் சொல்ல விட மாட்டேன்.

முதல் கட்டுரை தென்னை நார்க்கழிவின் லிக்னின் பற்றியது. எழுதியவர் முதலாண்டு ஆய்வு மாணவி. அவர் அனுப்பிய சுருக்கத்தில், விளைச்சலுக்குக் கீழே, கலத்தில் ஒட்டிக்கொண்டிருந்த கரியின் எடை கிராமில் இருக்கிறது. அவரை மேடைக்கு அழைக்கிறேன்.