மலத்தின் நிறம்

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றால் நம் விளாத்திகுளம் பக்கம் காலை வெயிலில் காட்டுவோம். பெரும்பாலும் தானே தெளிந்துவிடும். ஆனால் இரண்டு வாரம் கடந்தும் கண் மஞ்சளாகவே இருந்து, மலம் சுண்ணாம்பாக வெளுத்துப்போனால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் இறங்கும் குழாய் அடைபட்டிருக்கலாம்.

இதற்கு 1950களில் ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் வழி கண்டார். கெட்ட குழாயை அகற்றிவிட்டு, சிறுகுடலை மேலே கொண்டுபோய் நேராகக் கல்லீரலோடு இணைக்கும் அறுவை சிகிச்சை. பிறந்த 60 நாளுக்குள் செய்தால் பலன் கூடுதல்.

அதன்பின் தாய் பார்க்க வேண்டியது மலத்தின் நிறத்தைத்தான். மஞ்சளோ பச்சையோ தெரிந்தால் பித்தம் ஓடத் தொடங்கிவிட்டது. ரத்தத்தில் மஞ்சள் நிறம் தரும் பிலிருபின் இறங்கச் சில மாதம் பிடிக்கும். இடையில் காய்ச்சல் வந்தால் கைவைத்தியம் வேண்டாம் தாயே. பித்தப் பாதையில் கிருமி தொற்றியிருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

பித்தம் ஓடியும் கல்லீரல் தேறாத குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு மாற்றுக் கல்லீரல் இருக்கிறது. 1998 நவம்பரில், இதே நோயோடு பிறந்த, இரண்டு வயது நிரம்பாத காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு, டெல்லி அப்போலோ மருத்துவமனையில் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதியைப் பொருத்தினார்கள். இந்தியாவில் குழந்தைக்குச் செய்து வெற்றி கண்ட முதல் கல்லீரல் மாற்று அது. அந்தப் பிள்ளை வளர்ந்து, படித்து, மருத்துவராகியிருக்கிறார்.