ஒழுகும் இரத்தக் குழாய்கள்



காயம் பட்டால் இரத்தம் வெளியே வருகிறது; உடனே துணியை வைத்து அழுத்துகிறோம். ஆனால், ஒரு சொட்டு இரத்தம்கூட வெளியே சிந்தாமல், உடம்புக்குள்ளேயே ஒழுகி ஆளைச் சாய்த்துவிடும் நோயும் உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இருதயத்திலிருந்து புறப்படும் இரத்தக் குழாய்கள் கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் தலைமுடியைவிட மெல்லிய நுண்குழாய்களாகின்றன. இவற்றின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் உண்டு. மாவுச் சல்லடையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கண் பெரிதாகிவிட்டால் மாவோடு கப்பியும் கீழே இறங்கிவிடும் அல்லவா? அதுபோல, நுண்குழாயின் இடைவெளிகள் விரிந்தால், இரத்தத்திலுள்ள நீரும், அந்நீரைப் பிடித்து வைக்கும் அல்புமின் என்ற புரதமும் வெளியேறித் தசைகளில் தேங்கும். சிவப்பணுக்கள் இன்னும் பெரியவை. அவை குழாயிலேயே தங்கும். இரத்தம், வற்றிய குழம்பைப்போல் கெட்டியாகும். கைகால் வீங்கும், இரத்த அழுத்தமோ இறங்கிவிடும்.

ஒரு பெண்ணுக்கு இவ்வாறு மீண்டும் மீண்டும் நேர்ந்ததை அமெரிக்க மருத்துவர் பேயார்ட் கிளார்க்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1960-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார்கள். ஆகவே, இதைக் கிளார்க்சன் நோய் என்றும் அழைக்கிறார்கள். மிக மிக அரிய நோய் இது. சளிக்காய்ச்சல்போல் களைப்பும் உடல்வலியுமாகத் தொடங்கி, திடீரென்று மயக்கத்தில் கொண்டுபோய் விடும். சில நாளில் ஒழுகல் நின்று, தேங்கிய நீர் குழாய்களுக்குத் திரும்பும். முன்பு அளவுக்கு மீறி மருந்துநீர் ஏற்றியிருந்தால், அப்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆகவே மருத்துவர்கள் அளந்து அளந்துதான் ஏற்றுவார்கள். மற்றவர்கள் தானம் செய்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த நோய் எதிர்ப்புப் புரதத்தை அவ்வப்போது ஏற்றிவந்தால், பலருக்கு இந்நோய் திரும்ப வருவது குறைகிறது.

"இவ்வளவு அரிய நோய் நமக்கெதற்கு, ஐயா?" என்று கேட்பீர்கள். நம் தோட்டங்களுக்கு நன்கு பழக்கமான டிங்கிக் காய்ச்சலிலும், கடுமையாகும்போது இதே ஒழுகல்தான் நடக்கிறது! அதுவும் காய்ச்சல் கொதிக்கும்போது அன்று. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் வேளையில். உடம்பு குளிர்ந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நாம் நிம்மதி அடையும் நேரமே ஆபத்தான நேரம். அடுத்து வரும் ஒன்றிரண்டு நாளைக் கண்ணும் கருத்துமாகக் கடத்தவேண்டும்.

தாய்மார்களே, இந்த அடையாளங்களை நினைவில் வையுங்கள்: கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், பிள்ளை சோர்ந்து கிடத்தல் அல்லது அமைதியின்றிப் புரளுதல். இவற்றில் ஒன்றைக் கண்டாலும், இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். அவை இரத்தக்கசிவை அதிகமாக்கும். காய்ச்சலுக்கு, சொன்ன அளவில் பாராசிட்டமோல் போதும்.

விடியற்காலைப் பெரட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் பிள்ளையின் நெற்றியை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். கையையும் காலையும் தொட்டுப் பாருங்கள். சிறுநீர் கழித்தானா என்று கேளுங்கள். ஒழுகலைக் கண்ணால் காணமுடியாது. அதன் அடையாளங்களைக் காணலாம். காலத்தோடு கண்டுகொண்டால் உயிரைக் காக்கலாம்.