ஒரு சதுர மீட்டர் வைக்கோல்



பெய்ஜிங்கில் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது, 2018 ஜூலை மாதம், வெளிநாட்டு மாணவர்கள் 30 பேர் சேர்ந்து ஒரு பயணம் போனோம். போன இடம் உள் மங்கோலியா. மங்கோலிய நாட்டின் தெற்கு எல்லையை ஒட்டி, சீனாவின் வடக்கு விளிம்பில் நீண்டு கிடக்கிற தன்னாட்சிப் பகுதி அது. பரப்பு சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல் ஒன்பது மடங்கு.

“இரண்டு நாள் புல்வெளி, இரண்டு நாள் பாலைவனம்” என்று பயண அறிவிப்பில் போட்டிருந்தது. இரண்டும் வேறு வேறு ஊர், வேறு வேறு உலகம் என்று நினைத்துக்கொண்டுதான் பெட்டி கட்டினேன். திரும்பி வரும்போது அந்த நினைப்பு என்னிடம் இல்லை. அது எப்படி மாறியது என்பதை இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

இப்போது பெய்ஜிங்கிலிருந்து உள் மங்கோலியாவின் தலைநகரான ஹோஹாட்டுக்கு அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்தப் பாதை 2019 டிசம்பர் கடைசியில்தான் முழுமையாகத் திறந்தது. எங்களுக்கு வாய்த்தது இரவு ரயில். ஒரு பக்கத்துக்கு மூன்று அடுக்குப் படுக்கை. ஒவ்வொரு பெட்டியிலும் வெந்நீர்க் குழாய் உண்டு. அதன் முன்னால் நூடுல்ஸ் கிண்ணத்தோடு எப்போதும் நாலைந்து பேர் நிற்பார்கள். எனக்குக் கீழ்ப் படுக்கையில் கென்யா மாணவர், ஆடு மாடு மேய்க்கிற குடும்பத்துப் பிள்ளை. எதிரே மௌரித்தேனியா மாணவர், சகாரா மணலில் பிறந்தவர். மேலே மங்கோலிய நாட்டின் தலைநகர் உலான்பாத்தரிலிருந்து வந்த மாணவி. இந்த மூன்று பேர் உடன் வந்திராவிட்டால் நானும் நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பேன்.

விடிகாலையில் ஹோஹாட்டில் இறங்கினோம். மங்கோலிய மொழியில் அந்தப் பெயருக்கு நீல நகரம் என்று பொருள். கடைப் பலகைகளில் சீன எழுத்தோடு மங்கோலிய எழுத்தும் இருந்தது. மேலிருந்து கீழாக, கயிறு தொங்குவதுபோல எழுதுகிற எழுத்து. உலான்பாத்தர் மாணவி ஒவ்வொரு பலகைக்கும் முன்னால் நின்று நின்று எழுத்துக்கூட்டினாள். அவள் நாட்டில் 1940களில் ரஷ்ய எழுத்துக்கு மாறிவிட்டார்கள். பேசும் மொழி ஒன்றுதான். பழைய எழுத்து எல்லைக்கு இந்தப் பக்கம், சீனாவில்தான் அன்றாட வழக்கில் தங்கியிருக்கிறது. கடைசியில் ஒரு பலகையை முழுதாகப் படித்து முடித்துவிட்டு, “பால் கடை” என்று உரக்கச் சொன்னாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அங்கிருந்து பேருந்து வடக்கே தாச்சிங் மலைகளைத் தாண்டி மேட்டு நிலத்தில் ஏறியது. சுமார் 90 கிலோமீட்டரில் ஷிலமுரென் புல்வெளி. இடுப்பளவுப் புல் அலையடிக்கும் என்று எதிர்பார்த்து இறங்கினேன். புல் கணுக்காலைத்தான் தொட்டது. அதிலும் பாதி வெளிர் மஞ்சள். எங்களில் பலருக்கு முகம் வாடிவிட்டது. கென்யா மாணவர் மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புல்லை விரலால் விலக்கி அடியைப் பார்த்தார். ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. “மேலே பார்த்து ஏமாறாதீர்கள், இதன் உயிர் கீழே இருக்கிறது” என்றார்.

அது உண்மை. ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 300 மில்லிமீட்டர் மழை பெய்கிற நிலம் அது. தமிழ்நாட்டுச் சராசரியில் மூன்றில் ஒரு பங்கு. குளிர்காலத்தில் மண் உறைந்துபோகும். அப்படிப்பட்ட இடத்தில் புல் தன் உடம்பின் பெரும்பகுதியை மண்ணுக்குள்தான் வைத்துக்கொள்கிறது. மேலே இருப்பதை ஆடு கடித்துப் போனாலும், பனி மூடினாலும், வேர் பிழைத்துக் கிடந்து அடுத்த கோடையில் மறுபடி துளிர்க்கும்.

எங்களைத் தங்கவைத்த கூடாரங்கள் வட்டமாக, வெள்ளையாக அழகாகத்தான் இருந்தன. தொட்டுப் பார்த்தால் சிமென்ட். உண்மையான கூடாரம் பின்னால் இருந்தது. அதை மங்கோலியர் ‘கெர்’ என்கிறார்கள். மரச்சட்டங்களைப் பின்னிய மடக்குச் சுவர், நடுவில் புகைபோக வட்டத் திறப்பு, சுற்றிலும் ஆட்டு ரோமத்தை அடித்துச் செய்த கம்பளம். வாசல் தெற்குப் பார்த்து இருக்கும். சில மணி நேரத்தில் பிரித்து வண்டியில் ஏற்றிவிடலாம். ஏற்றிப்போன இடத்தில் ஒரு வட்டத் தழும்பு இருக்கும். புல் வந்து அதையும் மூடிவிடும்.

அந்தக் கூடாரத்துக்குச் சொந்தக்காரரான அம்மாள், உலான்பாத்தர் மாணவி தன் மொழியில் அக்கா என்று கூப்பிட்டதும் எங்களை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். பால் தேநீர் வந்தது. சர்க்கரை இருக்கும் என்று வாயில் வைத்தேன், உப்பு. அதில் வறுத்த தானியம் மிதந்தது. மென்று பார்த்ததும் தெரிந்துவிட்டது, அது நம் பனிவரகு. நம் ஊர் மானாவாரிக் காட்டில் விளைகிற அதே சிறுதானியத்தை அவர்கள் வறுத்துப் பையில் கட்டி மேய்ச்சலுக்குக் கொண்டுபோகிறார்கள்.

அந்த அம்மாள் பேசப் பேச, மாணவி எங்களுக்குச் சீனத்தில் சொன்னாள். மங்கோலியர் கால்நடையை ஐந்து வாய் என்று எண்ணுவார்கள்: குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு. ஒவ்வொன்றும் வேறு வேறு விதமாக மேயும். பருவத்துக்கு ஓர் இடம் என்று மந்தை நகர்ந்துகொண்டே இருந்தவரை, மேய்ந்த நிலத்துக்கு ஓய்வு கிடைத்தது. 1980களில் மேய்ச்சல் நிலத்தைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தார்கள், முள்கம்பி வேலி வந்தது, மந்தை நின்றுவிட்டது. காஷ்மீர் கம்பளிக்கு நல்ல விலை கிடைத்ததால் வெள்ளாடு பெருகியது. வெள்ளாடு அடிவரை கடிக்கும். 2000களின் தொடக்கத்திலிருந்து பல இடங்களில் அரசு மேய்ச்சலுக்கே தடை போட்டது. “நிலத்துக்கும் மூச்சு விட நேரம் வேண்டும், எங்களுக்கும் பிழைப்பு வேண்டும்” என்றார் அந்த அம்மாள். அதனால்தான் சிமென்ட் கூடாரம், அதனால்தான் எங்களைப் போன்றவர்கள்.

மறுநாள் காலை குதிரைச் சவாரி. எல்லோருக்கும் ஒரே தடம். நாளெல்லாம் குதிரைகள் நடந்து நடந்து அந்தத் தடத்தில் ஒரு புல் இல்லை. இறங்கி நின்றபோது காற்று அடித்தது. தடத்திலிருந்து வெளிர் மணல் எழும்பி என் கால்சட்டையில் படிந்தது. மெல்லிய மேல்மண்ணுக்கு அடியில் அங்கே இருப்பது மணல்தான். நாங்கள் ஏறி வந்த குதிரைகளே அதைத் திறந்துவிட்டிருந்தன.

அன்று மாலை தெற்கே புறப்பட்டோம். பாவ்தோ நகருக்குப் பக்கத்தில் மஞ்சள் ஆற்றைக் கடந்தோம். வடகரையில் மக்காச்சோளமும் சூரியகாந்தியும். தென்கரையில் கொஞ்ச தூரம் போனதும் குபுச்சி பாலைவனம் தொடங்கிவிடுகிறது. 18 ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். குபுச்சி என்றால் மங்கோலிய மொழியில் வில்லின் நாண். மஞ்சள் ஆறு அங்கே வடக்கு நோக்கி வில்லாக வளைகிறது. அந்த வில்லுக்கு நாணாகக் கிழக்கு மேற்கில் கிடக்கிறது மணல்.

ஷியாங்ஷாவான் என்ற இடத்தில் சுமார் 110 மீட்டர் உயர மணல்மேடு. வறண்ட நாளில் உச்சியிலிருந்து சறுக்கி வந்தால் மணல் ஒலிக்கும். ஒத்த அளவுள்ள மணிகள் ஒன்றாகச் சரியும்போது எழுகிற ஓசை அது. தூரத்து விமானத்தின் முழக்கம்போல அடிவயிற்றில் கேட்டது. மணலுக்கு அடியில் புதைந்துபோன மடத்தில் ஆயிரம் துறவிகள் இன்னும் ஓதிக்கொண்டிருக்கிறார்கள் என்று உள்ளூரில் ஒரு கதை. இரட்டைத் திமில் ஒட்டகங்கள் கோடைக்கு ரோமம் உதிர்த்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றில் போயின. மௌரித்தேனியா மாணவர் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் காலைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தங்கள் நாட்டில் மணல் தெருவுக்குள் வந்து, சுவர் ஏறி, வீட்டை மூடுவதைப் பற்றிச் சொன்னார்.

பள்ளியில் முல்லை, பாலை என்று ஐந்திணையை மனப்பாடம் செய்திருக்கிறேன். பாலைக்கென்று தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தங்கள் தன்மை கெட்டுப்போனால் அதுவே பாலை என்று இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் சொல்கிறார். பரீட்சையில் அதை எழுதி மதிப்பெண் வாங்கினேன். அதன் பொருள், முந்தின நாள் குதிரைத் தடத்தில் எழும்பிய மணலை நினைத்துக்கொண்டு குபுச்சியில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. எல்லாப் பாலைவனமும் மனிதன் கெடுத்த புல்வெளி ஆகிவிடாது. வறண்ட காற்றும் காலமும் ஆக்கிய மணலும் உண்டு. ஆனால் அந்த மணல் ஊர்ந்து வந்து மேய்ச்சல் நிலத்தைத் தின்ன வழிவிட்டது, அளவு மீறிய உழவும் மேய்ச்சலும்.

கெட்டது திரும்பவும் நல்லதாகுமா? அதற்கு 1978 முதல் சீனாவின் வடபகுதி நெடுக ஒரு காப்புக்காட்டுத் திட்டம் நடக்கிறது. 2050 வரை போகும். தொடக்கத்தில் தண்ணீர் அதிகம் குடிக்கிற நெட்டிலிங்கம் போன்ற உயர்ந்த பாப்லர் மரங்களை நட்டு, பல இடங்களில் அவை காய்ந்தும் போயின. மணலின் குணம் தெரிந்த புதர்களே நின்றன: மணல் வில்லோ, அதிமதுரத்தின் இனச் செடிகள். நம் நாட்டு மருந்துக் கடையில் விற்கிற அதிமதுரத்துக்கு உறவான செடி, அங்கே தன் வேரால் மணலைக் கட்டிப்போடுகிறது.

அந்தப் புதர் வேர்விடும்வரை மணல் ஓடாமல் இருக்க வேண்டுமே? அதற்குத்தான் வைக்கோல். 1950களில் பாவ்தோ–லான்சோ ரயில் பாதையை நிங்ஷியா பகுதியின் ஷாபோத்தோ என்ற இடத்தில் மணல் மூடாமல் காக்கப் பழகிய முறை அது. மூன்றாம் நாள், ஒரு சரிவில் வேலைசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்கள் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார். கோதுமை வைக்கோலை மணல்மேல் கோடாகப் பரப்பி, நடுவில் மண்வெட்டியால் அழுத்தினால், அது மடிந்து இறங்கி, இரண்டு நுனியும் ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும். இப்படி மீட்டருக்கு மீட்டர் கட்டம் கட்டமாக. தரையோடு ஓடுகிற காற்று அந்தக் கட்டத்தில் தடுக்கித் தளரும். மணல் குழிவாகப் படியும். அந்தக் குழியில் மழை ஈரமும் விதையும் தங்கும்.

கென்யா மாணவர் வைக்கோலைப் பரப்ப, மௌரித்தேனியா மாணவர் பிடிக்க, நான் அழுத்தினேன். என் கோடு கோணலாகப் போனது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் பிரித்துப் போட்டு, மறுபடி மண்வெட்டியை என்னிடமே நீட்டினார். அரை மணி நேரத்தில் நாங்கள் மூன்று பேர் முடித்தது ஒரே ஒரு கட்டம். நிமிர்ந்து பார்த்தேன். சரிவு முழுக்க, கண்ணுக்கெட்டியவரை கட்டங்கள். அத்தனையும் கையால்.

நான் ஊர் திரும்பிய பிறகு, 2021 மார்ச் 15 அன்று பெய்ஜிங் வானம் மஞ்சளாகிவிட்டதைச் செய்தியில் பார்த்தேன். பத்தாண்டுகளில் மிக மோசமான புழுதிப்புயல் என்றார்கள். அதில் பெரும்பகுதி எல்லைக்கு அப்பால் மங்கோலிய நாட்டிலிருந்து கிளம்பியது. ஒரு நாட்டின் புல் வேர் அறுந்தால், புழுதி இன்னொரு நாட்டின் ஜன்னலில் வந்து படியும். பேசும் மொழி ஒன்றாயிருந்தும் எழுத்தைப் பிரித்துவிட்ட அந்த எல்லை, காற்றுக்குத் தெரிவதில்லை.

வைக்கோல் நாலைந்து வருடம்தான் தாங்கும் என்று அந்தப் பெரியவர் சொல்லியிருந்தார். நாங்கள் போட்ட கட்டம் இந்நேரம் மக்கிப்போயிருக்கும். அது மக்கத்தான் வேண்டும். அதற்குள் ஒரு வேர் பிடித்துக்கொள்ளத்தான் அந்த அவகாசம். அந்த ஒரு சதுர மீட்டரில் இப்போது ஒரு புதர் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.