வயலில் எரியும் வளம்

வயலில் விளைவது நெல் மட்டுமன்று. ஒரு டன் நெல் அறுவடையானால் ஏறத்தாழ அதே எடைக்கு, சில இடங்களில் அதற்கு மேலும், வைக்கோல் கிடைக்கிறது. அந்த நெல் அரவைக்குப் போனால் ஐந்தில் ஒரு பங்கு உமியாகப் பிரிகிறது. கரும்பைப் பிழிந்தால் அதன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு சக்கையாக மிஞ்சுகிறது. இவை எல்லாம் வெயிலிலிருந்து பயிர் தனக்குள் சேர்த்துவைத்த எரிபொருள். இந்தியாவின் கையில் உள்ள இந்தச் செல்வத்தில் ஒரு பகுதி மின்சாரமாகிறது. ஒரு பகுதி வீண்புகையாகிறது. ஏன் இந்த வேறுபாடு?

விடை எளியது, அவையோரே. ஆலை வாசலுக்குத் தானே வந்து சேரும் எச்சம் பயன்படுகிறது. வயலிலேயே தங்கிவிடும் எச்சம் எரிக்கப்படுகிறது.

சக்கை கரும்போடு சேர்ந்தே ஆலைக்கு வந்துவிடுகிறது. தமிழ்நாட்டின் சர்க்கரை ஆலைகள் பலவற்றில் அதை உயர் அழுத்தக் கொதிகலனில் எரிக்கிறார்கள். எழும் நீராவி முதலில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. பிறகு அதே நீராவி கரும்புச் சாற்றைக் காய்ச்சுகிறது. இதுவே இணைமின் உற்பத்தி. உமியும் அப்படித்தான்: புழுங்கல் அரிசி ஆலைகளில் நெல்லை அவிப்பது உமித் தீ. பீகாரின் தம்குஹா கிராமத்தில் 2007ஆம் ஆண்டு உமியைக் குறைந்த காற்றில் கனலவைத்து எரிவாயுவாக்கி, அதைக் கொண்டு எஞ்சினை ஓட்டி வீடுகளுக்கு விளக்கேற்றினார்கள்.

பஞ்சாபில், ஹரியானாவில் கதை வேறு. அங்கே வைக்கோலுக்குப் பராலி என்று பெயர். அறுவடை இயந்திரம் கதிரை அள்ளிக்கொண்டு, தாளை நின்றபடியும் சிதறியபடியும் விட்டுச் செல்கிறது. நிலத்தடி நீரைக் காக்க 2009இல் வந்த சட்டம் நடவைத் தள்ளிவைத்ததால் அறுவடையும் தள்ளிப்போனது. அடுத்து கோதுமை விதைக்க இருபது நாள் கிடைத்தாலே பெரிது. தாளை அகற்ற இயந்திர வாடகையும் கூலியும் வேண்டும், தீக்குச்சிக்குச் செலவில்லை. அந்த உழவரைக் குற்றவாளியாக நிறுத்திப் பயனில்லை. எரியும் ஒவ்வொரு டன் வைக்கோலோடும் ஏறத்தாழ 5.5 கிலோ தழைச்சத்தும் 25 கிலோ சாம்பல்சத்தும் நிலத்துக்கு இழப்பு என்று கணக்கிடப்படுகிறது. இழப்பவரும் அவரே.

இந்த வைக்கோலையும் பயன்படுத்த முயற்சி நடக்கிறது. ஹரியானாவின் பானிபட்டில் 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்ட இந்தியன் ஆயில் ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கும் அளவுக்குக் கட்டப்பட்டது. ஏக்கருக்கு இரண்டரை டன் என்று வைத்தால், 80,000 ஏக்கர் வைக்கோலை அறுவடைக்கும் விதைப்புக்கும் இடைப்பட்ட சில வாரங்களுக்குள் வாரி, கட்டி, ஏற்றி, பிறகு மழை படாமல் ஆண்டு முழுவதும் காக்க வேண்டும். ஆக, பாதி வேலை ஆலைக்குள். மறுபாதி வயலிலும் சாலையிலும் கிடங்கிலும்.

வைக்கோலின் குணமும் சேர்ந்து சோதிக்கிறது. அதிலுள்ள சாம்பல்சத்தும் குளோரினும் சாம்பலை எளிதில் உருகவைத்து, கொதிகலன் குழாய்களில் கட்டியாய் ஒட்டவைக்கின்றன. அதனால்தான் அதை வில்லைகளாக்கி அனல்மின் நிலையங்களில் நிலக்கரியோடு சிறு பங்காகக் கலக்கிறார்கள். காற்றுப் புகாத கலனில் நொதிக்கவைப்பது இன்னொரு வழி. கிடைக்கும் வாயுவில் பாதிக்குச் சற்று மேல் மீத்தேன். அதைத் தூய்மையாக்கி அழுத்தினால் வண்டி ஓட்டும் எரிவாயு. மிஞ்சும் கசடு மீண்டும் வயலுக்கு எரு. சாம்பல்சத்து மண்ணுக்கே திரும்பும் வழி இது.

இந்த முயற்சிகள் நீடித்து நிற்க மூன்று நெறிகள் தேவை. முதலாவது, மண்ணுக்கும் மாட்டுக்கும் போக மிஞ்சியதே ஆலைக்கு. காவிரிப் படுகையில் வைக்கோல் மாட்டின் உணவு. அதை எரிபொருளாக்கினால் தீவன விலை ஏறும், பாலுக்கு மாடு வளர்ப்பவர் வருமானத்தில் அடி விழும். இரண்டாவது, வைக்கோல் கட்டும் இயந்திரம் அறுவடை முடிந்த மறுநாளே வயலில் இறங்க வேண்டும். கட்டுக்கு உரிய விலை உழவர் கையில் சேர வேண்டும். மூன்றாவது, எடை குறைந்து இடத்தை அடைக்கும் சரக்கு இது. வெகுதூரம் ஏற்றிச் சென்றால் டீசல் செலவே ஆதாயத்தைத் தின்றுவிடும். ஆகவே ஆலை சிறிதாக, வயலுக்கு அருகில் இருப்பது நல்லது.

சக்கை கரும்போடு வந்தது. உமி நெல்லோடு வந்தது. வைக்கோலை அழைத்துவர ஆள் வேண்டும், கூலி வேண்டும், காலத்தில் வரும் வண்டி வேண்டும். அவை வயலுக்கு வந்து சேர்ந்தால், உழவர் கையில் தீக்குச்சிக்கு வேலை இராது.