கட்டி ஒன்றுக்கு எட்டு ரூபாய் லாபமா?

(மும்பை தாராவியில் நடைபெற்ற சங்கத்தின் மகளிர் கூட்டத்தில், சோப்புக் காய்ச்சும் நான்கு குடும்பங்களின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சோப்புக் காய்ச்சுவதைப் பற்றிப் பேசுங்கள் என்று எங்களை அழைத்திருக்கிறார்கள். தனித்தமிழ் அன்பர்கள் வழலை என்பார்கள். அது நல்ல சொல்தான். ஆனால் எங்கள் சந்தில் வழலை என்று கேட்டால் யாரும் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். ஆகவே சோப்பு என்றே பேசுகிறோம். அரசியல் பேசும் மேடையில் சோப்புக்கு என்ன வேலை என்று சில அண்ணாச்சிமார் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். முழுவதும் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எங்கள் வீட்டு ஆண்களுக்கும் வேலை நின்றது, எங்களுக்கும் நின்றது. பத்துக்குப் பதினைந்து அடிக் கோலியில் ஆறேழு பேர் முகத்தை முகம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஊரிலிருந்து முன்பே வந்திருந்த தேங்காயெண்ணெய் டின் ஒன்று இருந்தது. கைபேசியில் படம் பார்த்துப் பார்த்து ஒரு மைனி முதலில் சோப்புச் செய்தார். பொழுதுபோக்கு என்றுதான் தொடங்கினோம். அந்த முதல் சோப்பு கல்லுமில்லை, களியுமில்லை. இரண்டாவது தடவை அலுமினியச் சட்டியில் காரக் கரைசலை ஊற்றினோம். பொங்கிப் புகைந்து, வீட்டையே காலி செய்துகொண்டு வெளியே ஓடினோம். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும், அதிலிருந்து எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டோம். எவர்சில்வரும் கனமான பிளாஸ்டிக்கும்தான் இதற்கு ஆகும்.

இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். தராசு வாங்கக் காசில்லாமல் டம்ளரால் அளந்தோம். ஒரு தடவை காரம் மிஞ்சிவிட்டது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சோப்பைத்தான் கொடுத்தோம். பிள்ளையின் கையிடுக்கெல்லாம் சிவந்து தோலுரிந்தது. அந்தத் தாய் எங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. அன்றைக்கு வாங்கினோம் தராசு.

ஆகவே செய்முறையைச் சரியாகச் சொல்லிவிடுகிறோம். ஒவ்வோர் எண்ணெயும் இவ்வளவு காரம்தான் ஏற்கும் என்று கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ தேங்காயெண்ணெய் சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடாவை ஏற்கும். ஆமணக்கெண்ணெய் 128 கிராம், கடலையெண்ணெய் 136 கிராம். ஒரு எண்ணெயின் கணக்கை இன்னொன்றுக்குப் போட்டால் தோல் போய்விடும். வந்த தொகையில் நூற்றுக்கு ஐந்து குறைத்துப் போட்டால் கொஞ்சம் எண்ணெய் சோப்பிலேயே மிஞ்சி நிற்கும், தோலுக்கு இதம். 4 கிலோ தேங்காயெண்ணெயும் 1 கிலோ ஆமணக்கெண்ணெயும் சேர்த்தால் 817 கிராம் காரம், ஏறக்குறைய 1,600 கிராம் தண்ணீர். தண்ணீரில் காரத்தைப் போட வேண்டும். காரத்தின்மேல் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் தொடக்கூடாது. பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரத்தில் செய்யவே கூடாது. மேலே பட்டுவிட்டால் குழாயடியில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். எலுமிச்சை, வினிகர் என்று வைத்தியம் பார்க்கக் கூடாது.

கரைசல் ஆறியபின் எண்ணெயில் கலந்து, மோர்க்குழம்புப் பதம் வரும்வரை கலக்கி, அச்சில் ஊற்றி, மறுநாளோ அதற்கடுத்த நாளோ வெட்டலாம். வெட்டியதை அன்றே விற்கக் கூடாது. நான்கிலிருந்து ஆறு வாரம் காற்றில் அடுக்கி வைக்க வேண்டும். பி.எச். தாளை நனைத்துப் பார்த்தால் 9, 10 என்று காட்ட வேண்டும். அதற்கு மேல் ஏறினால் அந்த ஈடு முழுவதையும் ஒதுக்கிவிடுகிறோம். மழைக்காலத்தில் எங்கள் கோலிகளில் ஆறு வாரமானாலும் ஈரம் வற்றாமல் வியர்த்துக்கொண்டு நிற்கும். அது எங்கள் தலையெழுத்து. ஆலைச் சோப்பில் கிளிசரினைப் பெரும்பாலும் பிரித்தெடுத்துத் தனியே விற்றுவிடுவார்கள். நாம் செய்வதில் அது அப்படியே தங்கிவிடும். கையால் செய்த சோப்பு மெத்தென்று இருப்பதன் இரகசியம் அவ்வளவுதான், வேறு மூலிகை மாயம் ஒன்றுமில்லை.

இனி, நாங்கள் சொல்ல வந்த கணக்குக்கு வருவோம்.

பழகியவர்களுக்குக் கொடுத்தோம், அவர்கள் வேறு சிலருக்குச் சொன்னார்கள், மாதம் நூறு கட்டி போக ஆரம்பித்தது. அப்போது ஒரு வியாபாரி வந்தார். பெயர் வேண்டாம். “கட்டி 40 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன், எவ்வளவு செய்தாலும் எனக்கே கொடுங்கள், உறை என் பெயரில் இருக்கும்” என்றார். நாங்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தேங்காயெண்ணெய் கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025-இல் அது ஏறிய ஏற்றம் உங்களுக்குத் தெரியும். 4 கிலோவுக்கு 1,600. ஆமணக்கெண்ணெய் 200, காரம் 80, உறை 195. ஆக 2,075 ரூபாய். ஐந்து கிலோ எண்ணெயில் காய்ந்தபின் 65 கட்டி தேறும். கட்டி 32 ரூபாய். நாற்பதுக்குக் கொடுத்தால் எட்டு ரூபாய் லாபம், ஓர் ஈட்டுக்கு 520 ரூபாய் கையில் நிற்கும் என்று ஒரே மகிழ்ச்சி. அத்தை ஒருவர் இனிப்புக்கூட வாங்கிவரச் சொன்னார்.

எங்களில் ஒருவர் கரீகர் வேலைக்கு, அதாவது தையல் பட்டறைக்குப் போய்வந்தவர். பீஸ் கணக்கில் ஏமாந்து ஏமாந்து படித்தவர். அவர்தான் கேட்டார், “நம் கூலி எங்கே?” என்று. ஓர் ஈட்டுக்கு அளந்து, கலக்கி, ஊற்ற இரண்டு பேருக்கு மூன்று மணி நேரம். வெட்டவும் திருப்பி வைக்கவும் இரண்டு மணி. உறை போட்டுக் கட்ட இரண்டு பேருக்கு மூன்று மணி. ஆகப் பதினான்கு மணி நேரம். 520 ரூபாயை அதால் வகுத்தால் மணிக்கு 37 ரூபாய். அதுவாவது நிற்குமா? கோணலாகப் போன கட்டி, மின்சாரம், அடுக்கி வைக்கும் இடத்துக்கு வாடகை என்று கட்டிக்கு ஐந்து ரூபாய் வைத்தால் 325 ரூபாய் கழிந்துவிடும். மிச்சம் 195. மணிக்கு 14 ரூபாய்! அந்த வியாபாரியின் உறையில், கணினியில் பார்த்தோம், “பெண்கள் கைவண்ணம்” என்று போட்டு விலை 120.

வெளியிலே பட்டறை முதலாளி மணிக்கு 14 ரூபாய் கொடுத்தால் நாம் கொடி பிடிக்கிறோம். நம் வீட்டுக்குள் நாமே நமக்கு அந்தக் கூலியைக் கொடுத்துக்கொண்டு அதற்கு லாபம் என்று பெயர் வைக்கிறோம். குடும்பத் தொழில் என்ற சொல்லுக்குள் பெண்ணுடைய உழைப்பும் பிள்ளையுடைய உழைப்பும் கணக்கில் வராமலே கரைந்துபோகிறது. மணிக்கு 60 ரூபாய் கூலி வைத்துப் போட்டுப் பாருங்கள். 840 ரூபாய், கட்டிக்கு 13. சரக்கு 32, கூலி 13, இதர செலவு 5. ஐம்பது ரூபாய்க்குக் கீழே கொடுத்தால் நஷ்டம். அந்த ஐம்பதிலும் லாபம் என்று ஒரு காசு இல்லை. நாங்கள் வியாபாரிக்கு முடியாது என்று சொல்லிவிட்டோம்.

அவர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்: “உங்களிடம் லைசென்ஸ் இருக்கிறதா?” அதுதான் எங்களை உலுக்கியது. விசாரித்தோம். அவர் சொன்னது சரி. 1940-ஆம் ஆண்டு மருந்து, அழகுப்பொருள் சட்டத்தில் முதலில் சோப்புக்கு விலக்கு இருந்தது. 1982-இல் வந்த திருத்தம் அந்த விலக்கை எடுத்துவிட்டது. உடம்பில் தேய்த்துக் குளிக்கும் சோப்பை விற்பதற்காகச் செய்தால், 2020-ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்படி மாநில உரிம அதிகாரியிடம் உரிமம் வேண்டும். நம் மாநிலத்தில் உணவு, மருந்து நிர்வாகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். செய்வது மட்டுமில்லை, உறை போடுவதும் சீட்டு ஒட்டுவதும்கூடச் சட்டத்தின் கண்ணில் தயாரிப்புத்தான். தனி இடம் கேட்பார்கள், தகுதியுள்ள தொழில்நுட்ப ஆள் கேட்பார்கள். சமைக்கிற, படுக்கிற, பிள்ளை படிக்கிற ஒரே கோலியில் அதற்கு வழியே இல்லை. தெரியாமல் விற்றோம். தெரிந்தபின் நிறுத்திவிட்டோம்.

இந்தச் சட்டம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆனால் உரிமம் எவன் கையில் இருக்கிறதோ அவன்தான் விலை வைப்பான். நமக்கு உரிமம் இல்லையென்றால் கடைசிவரை அவன் உறைக்குள்தான் நம் சோப்பு போகும்.

வழி இரண்டு தெரிகிறது. ஒன்று, லோன் லைசென்ஸ் என்பது. ஏற்கெனவே உரிமம் உள்ள ஒருவருடைய ஆலையில், நாமும் உரிமம் எடுத்து, நம் பெயரில் தயாரித்துக்கொள்வது. சட்டி அவருடையது, பெயர் நம்முடையது. இரண்டாவது, நான்கைந்து குடும்பம் சேர்ந்து ஓர் அறை எடுத்து அங்கேயே எல்லாம் செய்வது. எங்களுக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. இந்த ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1959 மார்ச் 15-ஆம் தேதி கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் தேய்க்கத் தொடங்கியதுதான் லிஜ்ஜத். மாவைப் பொது இடத்தில் பிசைந்து, வீட்டுக்குக் கொண்டுபோய்த் தேய்த்துக் காயவைத்துக் கொடுப்பார்கள். உறுப்பினர் அத்தனை பேரும் பங்காளிகள். குளியல் சோப்பில் வீட்டுக்குக் கொண்டுபோகும் பாதியைச் சட்டம் அனுமதிக்காது. பங்கு வைக்கும் பாதியை யாரும் தடுக்க முடியாது.

அதுவரை என்ன செய்வது? துணி துவைக்கும் சோப்பு, பாத்திரம் தேய்க்கும் சோப்பு இவை உடம்புக்குரியவை அல்ல, ஆகவே அந்த அழகுப்பொருள் உரிமம் தேவையில்லை. நாங்கள் இப்போது அதைத்தான் செய்கிறோம். வடா பாவ் கடைகளில் பொரித்து ஒதுக்கிய எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறது. வடிகட்டி, வாடை போக வெந்நீரில் அலசிக்கொள்கிறோம். போர் தண்ணீரில் இது நுரைக்காது, மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் நன்றாக நுரைக்கும். வாங்குகிறவரிடம் இதைச் சொல்லியே விற்கிறோம்.

காகித விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். உத்யம் பதிவு அரசாங்க இணையதளத்தில் இலவசம். ஆதாரும் பான் அட்டையும் போதும். பதிவு செய்து தருகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜென்டுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். முத்ரா கடனில் சிசு வகை 50,000 ரூபாய் வரை, ஈடு கேட்கக் கூடாது. கட்டிவைத்து விற்கும் எந்தச் சோப்பானாலும் தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, மாதமும் ஆண்டும், வரிகள் உட்பட அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு ஆகியவை உறையில் வேண்டும். அவை இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டுமென்பது விதி. கூடவே தமிழிலும் போடலாம், போட்டிருக்கிறோம். (அந்த விதியைப் பற்றித் தலைவர் அவர்கள் தனியே ஒரு மணி நேரம் பேசுவார்!) விற்றுமுதல் ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டாதவரை மகாராஷ்டிரத்துக்குள் விற்க ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம். ஊரில் உள்ள கடைக்கு விற்று அனுப்பினால் அந்த விலக்கு இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்புக் கட்டிக்கு வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகிவிட்டது. பெரிய ஆலைகளுக்கு விலை குறைக்க இடம் கிடைத்திருக்கிறது, விலையில் அவர்களோடு மல்லுக்கு நிற்க முடியாது. குப்பைமேனி போட்டால் படை போகும், வேம்பு போட்டால் சொறி போகும் என்று உறையில் எழுதாதீர்கள். நோய் தீரும் என்று எழுதினால் அது மருந்தாகிவிடும். அதற்கு வேறு உரிமம், வேறு தலைவலி.

தாராவி மறுசீரமைப்பில் 2000 ஜனவரி 1-க்கு முந்தைய தரைத்தளமா, மாடியா என்றுதான் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இங்கே வீடு என்பது வெறும் வீடு அல்ல, தொழிற்கூடமும் அதுதான். கணக்கெடுக்க வருகிறவருக்குத் தையல் மிஷின் கண்ணில் படும். கட்டிலுக்கடியில் அடுக்கிய சோப்பு படாது. சங்கம் மகஜர் கொடுக்கும்போது, பெண்கள் பொதுவாகத் தொழில் செய்ய ஒரு கூடம் வேண்டும், உரிமம் வாங்கத்தக்க இடமாக வேண்டும் என்ற கோரிக்கையையும் சேர்க்க வேண்டுமென்று தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம் ஓர் அறை பார்த்திருக்கிறோம். முன்பணம்தான் இடிக்கிறது. நான்கு குடும்பம் இருக்கிறோம், இன்னும் இரண்டு குடும்பம் சேர்ந்தால் எடுத்துவிடலாம். சேர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாருங்கள். கணக்கு நோட்டைக் கொண்டுவந்திருக்கிறோம், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வாசல் மேசையில் துவைக்கும் சோப்பு இருக்கிறது. குளியல் சோப்பு கேட்காதீர்கள், உரிமம் வந்தபிறகுதான் தருவோம்.