கேபிள் யார் காசுல வருது? கடலடி இணையமும் கடன் அரசியலும்

(தகவல் தொழில்நுட்ப அணி பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசா படிங்க, பகிருங்க.)

 

எனக்குக் கொடுத்த தலைப்பு கொஞ்சம் வறண்ட தலைப்பு மாதிரி தெரியும். ஆனா நாம தினமும் பதிவு போடுறோம், நேரலை போடுறோம். அது எல்லாம் வானத்துல செயற்கைக்கோள் வழியா போகுதுன்னு நம்மள்ல பலர் நினைச்சிட்டு இருக்கோம். இல்லை. நாடு விட்டு நாடு போகிற இணையத் தகவல்ல 95 சதவீதத்துக்கும் மேல கடலுக்கு அடியில கிடக்கிற கேபிள் வழியாத்தான் போகுது. தோட்டத்துக்குத் தண்ணி விடுற குழாய் அளவுதான் அதோட தடிமன்.

பெரிய சந்தை இருக்கிற நாட்டுக்குக் கம்பெனிகளே கேபிள் போட்டுக்கும். கூகுள், மெட்டா எல்லாம் சொந்தமாவே போடுறாங்க. ஆனா சில லட்சம் பேர் மட்டுமே வாழுற சாலமன் தீவுகளுக்கு எந்தக் கம்பெனி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கேபிள் போடும்? போட்டா லாபம் வராது. அந்த இடத்துலதான் வெளிநாட்டு அரசுகள் பணத்தோட வந்து நிக்குது. ஒருத்தர் கடன்னு வருவார், இன்னொருத்தர் மானியம்னு வருவார். ரெண்டு பேருக்கும் ஒரு கணக்கு இருக்கும்.

பசிபிக் கடல்ல நடந்ததைச் சொல்றேன். அதைப் பார்த்தா இந்த விளையாட்டு முழுசும் புரிஞ்சிடும்.

2017-ல் சாலமன் தீவுகள் அரசு ஆஸ்திரேலியாவுக்குக் கேபிள் போட சீனாவின் ஹுவாவே மரைன் நிறுவனத்தோட ஒப்பந்தம் போட்டது. ஆஸ்திரேலியா பதறிப்போச்சு. தன்னோட கரையில ஹுவாவே போட்ட கேபிள் வந்து ஏறக்கூடாதுன்னு நின்னது. அடுத்த வருஷமே, "நாங்க பணம் தர்றோம், நாங்க போட்டுத் தர்றோம்"னு வந்தாங்க. சிட்னியில இருந்து சாலமன் தலைநகர் ஹோனியாராவுக்கும், பப்புவா நியூ கினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பிக்கும் சேர்த்து சுமார் 4,700 கிலோமீட்டர். பவளக் கடல் கேபிள்னு பேர். செலவுல மூணுல ரெண்டு பங்கு ஆஸ்திரேலியா கொடுத்தது. 2019 முடியறதுக்குள்ள கேபிள் கடல்ல இறங்கிடுச்சு.

கவனிங்க. எத்தனையோ வருஷமா அந்த மக்கள் மெதுவான, விலை உயர்ந்த செயற்கைக்கோள் இணையத்தை வச்சுக் காலம் தள்ளினாங்க. அப்போ யாருக்கும் இந்த அவசரம் வரல. போட்டிக்காரன் வந்தவுடனே பணப்பெட்டி திறந்துச்சு.

கதை அங்கேயே முடியல. 2019-ல் சாலமன் தீவுகள் தைவானோட உறவை விட்டுட்டு சீனாவோட உறவு வச்சது. 2022 ஆகஸ்ட்ல சீனாவின் எக்ஸிம் வங்கிக் கடன் வந்தது. சுமார் 6.6 கோடி டாலர், 20 வருஷம், 1 சதவீத வட்டி. எதுக்கு? ஹுவாவே 161 செல்போன் கோபுரம் அமைக்கிறதுக்கு. ஆக, கடல்ல கிடக்கிற கேபிளுக்கு ஆஸ்திரேலியப் பணம், கரையில நிக்கிற கோபுரத்துக்கு சீனப் பணம். நடுவுல செல்போன் வச்சிருக்கிற மீனவனும் விவசாயியும். கடனைக் கட்டப்போறது அவங்க வரிப்பணம்.

பக்கத்து நாடான பப்புவா நியூ கினியில இன்னும் சிக்கல். வெளியில இருந்து வர்ற கேபிள் ஆஸ்திரேலியா போட்டது. ஆனா உள்நாட்டுக் கடற்கரை ஊர்களை இணைக்கிற 5,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கேபிளைப் போட்டது ஹுவாவே, சீன எக்ஸிம் வங்கிக் கடன்ல. 2018-ல் அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா மூணும் சேர்ந்து அந்த வேலையைத் தங்கள் பக்கம் திருப்பப் பார்த்தாங்க. அந்த அரசு, "கையெழுத்துப் போட்டாச்சு, பாதிக்கு மேல வேலை முடிஞ்சாச்சு, வார்த்தை தவற மாட்டோம்"னு சொல்லிடுச்சு.

அதே நாட்டுல தேசியத் தரவு மையம் ஒண்ணு. சுமார் 5.3 கோடி டாலர் சீனக் கடன், கட்டினது ஹுவாவே. 2020-ல் ஒரு ஆய்வறிக்கை வெளிய வந்தது. மறையாக்க முறை காலாவதியானது, பாதுகாப்பு அமைப்புல ஓட்டை இருக்கு, பராமரிக்கக் காசு இல்லாம மையம் பாழாகுதுன்னு அதுல எழுதியிருந்தாங்க. தொழில் தரத்துக்கு ஏத்த மாதிரிதான் கட்டினோம்னு ஹுவாவே மறுத்தது. நாம இன்னொண்ணையும் சேர்த்துப் பார்க்கணும். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஆஸ்திரேலியா. குறை சொல்ற அறிக்கைக்கும் ஒரு முதலாளி உண்டு தோழர்களே. ஆனா அறிக்கை சரியோ தப்போ, மையம் ஓடுதோ இல்லையோ, வாங்கின கடன் புத்தகத்துல அப்படியேதான் இருக்கு.

இப்போ இந்தக் கடன் எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். ஊர்ல சீட்டுக் கம்பெனிக்காரர் வீடு கட்டக் கடன் தர்றார்னு வச்சுக்குங்க. "கடன் தர்றேன், ஆனா மேஸ்திரி என் மச்சான், சிமெண்ட் என் கடையில வாங்கணும்"னு சொன்னா என்ன ஆகும்? வட்டி குறைவா இருக்கலாம். ஆனா மச்சான் சொல்றதுதான் கூலி, கடைக்காரர் சொல்றதுதான் விலை. இதுக்குப் பேர் கட்டுண்ட கடன். சீன எக்ஸிம் வங்கியின் சலுகைக் கடன்ல ஒப்பந்ததாரர் சீன நிறுவனமா இருக்கணும், பொதுவா பாதிக்குக் குறையாத கொள்முதல் சீனாவுல நடக்கணும்.

சீனாவை மட்டும் சொல்லிட்டுப் போனா அது நேர்மை இல்லை. ஜப்பானுக்கும் இப்படி ஒரு சிறப்புக் கடன் திட்டம் இருக்கு, அதுல 30 சதவீதம் ஜப்பான்ல வாங்கணும். நம்ம இந்திய எக்ஸிம் வங்கி வழியா ஏழை நாடுகளுக்குப் போகிற கடன்ல பொதுவா 75 சதவீதம் இந்தியாவுல வாங்கணும். கடன் கொடுக்கிற எல்லாரும் தன் நாட்டுக் கம்பெனிக்கு வேலை தேடித்தான் கொடுக்கிறாங்க.

வல்லரசுப் போட்டி வந்தா டெண்டரே செத்துப்போகும். மைக்ரோனேசியா, நவ்ரு, கிரிபாட்டி மூணு குட்டித் தீவு நாடுகளுக்கு உலக வங்கி உதவியோட ஒரு கேபிள் திட்டம். சீன நிறுவனம்தான் குறைஞ்ச விலை கேட்டதா செய்திகள் வந்தது. அமெரிக்கா பாதுகாப்புக் காரணம் சொன்னது. 2021-ல் டெண்டர் யாருக்கும் போகாம முடிஞ்சது. அப்புறம் அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா மூணும் பணம் போட்டு, 2023-ல் ஜப்பானின் என்.ஈ.சி. நிறுவனத்துக்கு வேலை போச்சு. அந்தத் தீவு மக்களுக்கு இணையம் தள்ளிப்போனதுதான் மிச்சம்.

இதுல மிக மோசமானது ரகசியம். 2021-ல் ஆய்வாளர்கள் சீன அரசு வங்கிகளின் 100 கடன் ஒப்பந்தங்களை எடுத்துப் படிச்சு அறிக்கை விட்டாங்க. 2014-க்குப் பிறகு போட்ட ஒப்பந்தம் ஒவ்வொண்ணுலயும் ரகசியக் காப்பு விதி இருந்தது. கடன் வாங்கின நாட்டு மக்கள், தாங்கள் கட்டப்போற கடனோட நிபந்தனையைப் படிக்க முடியாது. நாடாளுமன்ற உறுப்பினரே பார்க்க முடியாத ஒரு காகிதத்துக்கு, பொறக்கப்போற குழந்தையும் சேர்ந்து வட்டி கட்டணும். இது என்ன ஜனநாயகம்?

"அப்போ கேபிளே வேண்டாமா?"ன்னு கேட்பீங்க. வேணும். கண்டிப்பா வேணும். டோங்காவைப் பாருங்க. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி மானியத்துல 2013-ல் ஃபிஜிக்கு 827 கிலோமீட்டர் கேபிள் போட்டாங்க. கடன் சுமை இல்லை. ஆனா ஒரே ஒரு கேபிள். 2022 ஜனவரியில எரிமலை வெடிச்சு அது அறுந்தது. பழுது பார்க்கிற கப்பல் போர்ட் மோர்ஸ்பியில இருந்து வரணும். இணைப்பு திரும்ப அஞ்சு வாரம் ஆச்சு. உயிரோட இருக்காங்களான்னு கூட வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரங்களால கேட்க முடியல. கேபிள் ஒரு நாட்டோட உயிர் நாடி. அதனாலதான் அதை யார் காசுல, எந்த நிபந்தனையில போடுறோம்னு கேட்கணும்.

நம்ம சென்னையில இருந்து அந்தமானுக்கு 2020-ல் கேபிள் போச்சு. சுமார் 2,300 கிலோமீட்டர், 1,224 கோடி ரூபாய். வெளிநாட்டுக் கடன் இல்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள்கிட்ட வசூலிச்ச பொதுச் சேவை நிதியில போட்டது. கருவியும் கேபிளும் ஜப்பான் நிறுவனத்தோடதுதான், ஆனா பணம் நம்ம பணம். பெரிய நாடு, நிதி இருந்தது, முடிஞ்சது. சில லட்சம் பேர் மட்டுமே இருக்கிற நாட்டால அது முடியாது. அவங்க கடன் வாங்கித்தான் ஆகணும். வாங்குறப்போ அஞ்சு கேள்வி கேட்கணும்.

1. திறந்த டெண்டர் உண்டா, இல்லை ஒப்பந்ததாரர் பேர் கடனோடயே வருதா?
2. எந்த நாணயத்துல திருப்பிக் கட்டணும்? வருமானம் உள்ளூர்க் காசுல, கடன் டாலர்லயோ யுவான்லயோ இருந்தா, காசு மதிப்பு விழுற அன்னிக்கு யார் ஏத்துக்கிறது?
3. எதிர்பார்த்த வருமானம் வரலைன்னா யார் பொறுப்பு?
4. அறுந்தா யார் சரி பண்ணுவாங்க, அதுக்கு நிதி ஒதுக்கி இருக்கா?
5. ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்துல வைப்பீங்களா?

அஞ்சாவது கேள்விக்கு "மாட்டோம்"னு பதில் வந்தா, முதல் நாலுக்கும் என்ன பதில்னு நாமளே புரிஞ்சுக்கலாம்.

தோழர்களே, சமூக ஊடகத்துல இது வந்தா ரெண்டு கட்சியா பிரிஞ்சு, "சீனா கடன் வலை", "அமெரிக்க சதி"ன்னு சண்டை போடுறோம். அந்தச் சண்டையில கடன் கட்டுறவன் குரல் கேட்கவே மாட்டேங்குது. நம்ம கட்சிக்காரங்க அவன் பக்கம் நிக்கணும். கடன் கொடுக்கிறது பெய்ஜிங்கா இருந்தாலும் கான்பெராவா இருந்தாலும் டோக்கியோவா இருந்தாலும், நம்ம டெல்லியாவே இருந்தாலும், நம்ம கேள்வி ஒண்ணுதான்: ஒப்பந்தத்தைக் காட்டு.

மக்கள் கட்டுற கடன்ல மக்களுக்குத் தெரியாத நிபந்தனை இருக்கக்கூடாது. இதை ஒவ்வொரு பதிவுலயும் சொல்லுங்க.

 

#ஒப்பந்தத்தைக்_காட்டு