காலி இருக்கை யார் கணக்கில்?



போக்குவரத்து வரலாறு என்ற பரந்த பொருளில் நாம் கூடியிருக்கிறோம். தலைமையுரை என்றால் துறை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும் என்பது மரபு. நான் அப்படிச் செய்யப் போவதில்லை. ஒரே ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொண்டு, அதன் வழியாக ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அந்த நிறுவனம் இங்கிலாந்தின் லூட்டன் விமான நிலையத்தைத் தளமாகக் கொண்டு இயங்கிய பிரிட்டானியா ஏர்வேஸ். மன்னர்களையும் அமைச்சர்களையும் ஏற்றிப் பறந்த நிறுவனங்களைப் பற்றி நூலகங்களில் அடுக்கடுக்காக நூல்கள் இருக்கின்றன. லங்காஷயர் ஆலைத் தொழிலாளியையும் லண்டன் அலுவலகத் தட்டச்சரையும் வாழ்நாளில் முதல்முறையாக விமானத்தில் ஏற்றிய நிறுவனங்களைப் பற்றி நம்மிடம் இருப்பது மிகக் குறைவு. இருக்கும் சில நூல்களும் பெரும்பாலும் விமானங்களின் பட்டியல்கள். எந்த ஆண்டு எந்த வகை விமானம் வாங்கப்பட்டது, அதன் பதிவெண் என்ன, எப்போது விற்கப்பட்டது என்று போகும். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் வரலாறு அதோடு முடிந்துவிடக் கூடாது.

என் கேள்வி இதுதான்: விமானம் பறக்கும்போது காலியாகக் கிடக்கும் இருக்கையின் நட்டம் யார் தலையில் விழுகிறது?

கல்யாணத்துக்குப் பேருந்து பேசுகிறோம். முழு வண்டிக்கும் வாடகை கொடுத்துவிட்டோம். நாற்பது பேர் ஏறினாலும் இருபது பேர் ஏறினாலும் வண்டிக்காரருக்குக் கவலையில்லை. கவலையெல்லாம் கல்யாண வீட்டாருக்குத்தான். சார்ட்டர் விமானத்தின் அடிப்படையும் அதுவே. பயண நிறுவனம் முழு விமானத்தையும் ஒரு பருவம் முழுமைக்கும் பேசிக்கொள்ளும். கடற்கரை ஊரில் விடுதி அறைகளையும் மொத்தமாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்து ஒரே விலையில் பொதுமக்களுக்கு விற்கும். அட்டவணைப்படி பறந்த அரசு விமானங்கள் பாதி இருக்கை காலியாகவும் பறக்க நேர்ந்தது. அந்த நட்டமும் கட்டணத்தில் சேர்ந்தது. சார்ட்டர் விமானம் ஏறத்தாழ நிறைந்தே பறந்தது. மலிவுக்குக் காரணம் அதுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டனின் அட்டவணைச் சேவைகளை அரசு நிறுவனங்களுக்கே ஒதுக்கிக் கொடுத்தது. தனியாருக்கு மிஞ்சியது சார்ட்டர் மட்டும். போரில் ஓய்ந்த டக்கோட்டா விமானங்கள் சல்லிசாகக் கிடைத்தன. ஓட்டுவதற்குப் பயிற்சி பெற்ற விமானிகள் வேலையின்றி இருந்தார்கள். இந்தச் சூழலில்தான் மாஸ்கோவில் பிறந்து லண்டனில் வளர்ந்த, ராய்ட்டர்ஸில் பணிபுரிந்த விளாடிமிர் ரைட்ஸ் என்ற இளைஞர் ஹொரைசன் ஹாலிடேஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1950 மே மாதம் காட்விக்கிலிருந்து கோர்சிகா தீவின் கால்விக்கு ஒரு டக்கோட்டாவை அனுப்பினார். விமானம், கூடாரத்தில் தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 32 பவுண்டு 10 ஷில்லிங். அரசு அனுமதி கொடுத்தது, ஆனால் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மட்டுமே என்று வரையறுத்து. ஓர் ஆசிரியனாக இந்த விவரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு மகிழ்ச்சி எழும். வெகுமக்கள் வான்வழி விடுமுறையின் முதல் பயணியர் நம் தொழிலைச் சேர்ந்தவர்கள்.

அரசு விமானத்தைக் காப்பதற்காக வந்த விதிகளை நம் ஆய்வாளர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். விடுதியும் சாப்பாடும் சேர்ந்த பயணத் தொகுப்பின் விலை, அதே ஊருக்கான அட்டவணை விமானத்தின் மிகக் குறைந்த போக்குவரத்துக் கட்டணத்தைவிடக் குறையக் கூடாது என்றொரு நிபந்தனை இருந்தது. அதாவது எவ்வளவு சிக்கனமாக நடத்தினாலும் அந்தச் சிக்கனத்தின் பலன் முழுவதும் பயணிக்குப் போய்ச் சேர முடியாது. 1970களின் தொடக்கத்தில்தான் அது படிப்படியாக நீங்கியது. இன்னொரு கட்டுப்பாடு எதிர்த்திசையில் வேலை செய்தது. பவுண்டு தள்ளாடிய 1966இல் ஹரால்ட் வில்சன் அரசு, வெளிநாட்டு விடுமுறைக்கு ஒருவர் 50 பவுண்டுக்கு மேல் அந்நியச் செலாவணியாக எடுத்துச் செல்லக் கூடாது என்று ஆணையிட்டது. பிரிட்டிஷ் விமானத்துக்குப் பவுண்டில் செலுத்தும் கட்டணம் இந்த வரம்புக்குள் வராது. மொத்தமாகப் பேசி மலிவாக வாங்கிய விடுதி அறையின் செலவு மட்டுமே 50 பவுண்டில் கழியும். தனியாகப் போகிறவருக்குக் கையைக் கட்டிய ஆணை, தொகுப்பில் போகிறவருக்கு வழிவிட்டது. சந்தை தானாக வளர்ந்தது என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டு விதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி பிரிட்டானியா. யுனிவர்சல் ஸ்கை டூர்ஸ் என்ற பயண நிறுவனத்தை நடத்திய டெட் லாங்டன், தம் வாடிக்கையாளரைச் சுமக்கத் தமக்கே ஒரு விமான நிறுவனம் வேண்டும் என்று கருதினார். விமானத் துறை ஆலோசகர் ஜே. ஈ. டி. வில்லியம்ஸுடன் சேர்ந்து 1961 டிசம்பரில் யூராவியா என்ற பெயரில் அதைத் தொடங்கினார். இஸ்ரேலின் எல் அல் கழித்துவிட்ட மூன்று லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானங்கள் முதலீடு. 1962 மே மாதம் மான்செஸ்டரிலிருந்து முதல் பயணம். மான்செஸ்டரை ஒட்டிய ஆலை நகரங்களில் ஆண்டுக்கொரு முறை நகரமே ஆலைகளை மூடி ஓய்வெடுக்கும் வாரங்கள் வழக்கத்தில் இருந்தன. பிளாக்பூல் கடற்கரைக்கு ரயிலேறிய அந்த மக்களே அடுத்த பத்தாண்டுகளில் ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்கு விமானம் ஏறினார்கள். ஸ்பெயினும் தயாராக இருந்தது. 1959இல் பிராங்கோ அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டு, பெசட்டாவின் மதிப்பைக் குறைத்திருந்தது.

1964இல் அரசு நிறுவனமான பி.ஓ.ஏ.சி. விற்ற பிரிஸ்டல் பிரிட்டானியா விமானங்கள் வந்தன; ஆகஸ்டில் நிறுவனத்தின் பெயரும் பிரிட்டானியா ஏர்வேஸ் ஆனது. 1965இல் கனடாவில் பிறந்த பத்திரிகை அதிபர் ராய் தாம்சனின் குழுமம், பயண நிறுவனத்தையும் விமான நிறுவனத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. இந்தக் கொள்முதலைத்தான் நான் அந்நிறுவன வரலாற்றின் மையம் என்பேன். அதுவரை சார்ட்டர் நிறுவனம் என்றால் பிறர் கழித்த விமானம், அடுத்த பருவத்துக்கு உத்தரவாதமில்லாத வாழ்வு. தாம்சன் குழுமத்தின் பணம் பின்னால் நின்றதால் 1968இல் பிரிட்டானியா, தொழிற்சாலையிலிருந்து நேராக வந்த புத்தம் புதிய போயிங் 737-200 விமானத்தைப் பறக்கவிட முடிந்தது. பிரிட்டனில் அந்த வகையை முதலில் இயக்கியது அரசு நிறுவனம் அல்ல, விடுமுறைப் பயணிகளைச் சுமந்த இந்த நிறுவனம். 1972இல் லன் பாலி என்ற பயண முகவர் கடைகளும் குழுமத்துக்கு வந்து சேர்ந்தன. கடை, தொகுப்பு, விமானம் மூன்றும் ஒரே வீட்டுக்குள். காலி இருக்கையின் நட்டம் எந்தப் பையிலிருந்து போனாலும் அந்தப் பை ஒரே சட்டையில் இருந்தது.

புது ஜெட் விமானம் தரையில் நின்றால் கடன் வட்டி ஏறும். ஆகவே அதிகாலையிலும் நள்ளிரவிலும் பறந்தார்கள். ஒரு கூட்டத்தை இறக்கிய விமானம், இரண்டு வாரம் தங்கி முடித்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டே திரும்பும். லூட்டனிலிருந்து போன விமானம் மான்செஸ்டருக்குத் திரும்பி, அங்கிருந்து மறுபடியும் தெற்கே போய், இறுதியில் லூட்டனுக்கு வரும் வகையில் பணிச் சுற்றுகள் அமைந்தன. இந்தச் சுற்றுகளில் விமானப் பணியாளர் எப்படித் தூங்கினார்கள், எப்படிக் குழந்தை வளர்த்தார்கள் என்பதெல்லாம் எழுதப்படாத வரலாறு.

1966 செப்டம்பர் 1ஆம் நாளை இங்கே நினைவுகூர்வது என் கடமை. லூட்டனிலிருந்து யூகோஸ்லாவியாவின் லூப்லியானாவுக்குச் சென்ற பிரிட்டானியா விமானம், நள்ளிரவு கழிந்த சற்று நேரத்தில், நிலையத்தை நெருங்கும்போது மரங்களில் மோதி விழுந்தது. இருந்த 117 பேரில் 98 பேர் இறந்தனர். உயரமானியை இறங்குதளத்தின் அழுத்தத்துக்கு ஏற்ப மாற்றி அமைக்காததால், விமானி எண்ணியதைவிட ஏறத்தாழ 1,250 அடி தாழ்வாக விமானம் வந்திருக்கிறது என்பதே விசாரணையின் முடிவு. விடுமுறைக்குப் புறப்பட்ட குடும்பங்கள் அவை. மலிவுப் பயணத்தின் வெற்றிக் கதையை எழுதுகிற எவரும் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகக் கூடாது.

இப்போது அதே லூட்டனில் இருந்த இன்னொரு நிறுவனத்துக்கு வருகிறேன். ஒப்பீடு இல்லாமல் பிரிட்டானியாவைப் புரிந்துகொள்ள முடியாது. 1970 ஜனவரியில் ஆட்டேர் என்ற நிறுவனம் தன் தாய்க் கப்பல் நிறுவனத்தின் பெயரான கோர்ட் லைன் என்பதையே சூடிக்கொண்டது. இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, நீலப்பச்சை, ஊதா என்று ஒவ்வொரு விமானத்துக்கும் ஒவ்வொரு நிறம் பூசினார்கள். பணிப்பெண்களின் சீருடையை ஆடை வடிவமைப்பாளர் மேரி குவாண்ட் வடிவமைத்தார். பணியாளர் நேரத்தை மிச்சப்படுத்த, போகும் பயணிக்கும் திரும்பும் பயணிக்குமான உணவை முன்கூட்டியே இருக்கையின் முதுகில் இரு அறைகளில் வைத்துப் பூட்டினார்கள். 1973இல் ஏறத்தாழ 400 பேரை ஏற்றும் லாக்ஹீட் டிரைஸ்டார் விமானங்களை, ஐரோப்பாவில் முதலாவதாக, வாங்கினார்கள். அழகும் துணிவும் நிறைந்த முயற்சி அது.

ஆனால் அந்த 400 இருக்கைகளை நிரப்ப வேண்டிய கிளார்க்ஸன்ஸ் என்ற பயண நிறுவனம் விலைப் போரில் நட்டத்தில் மூழ்கிக் கொண்டிருந்தது. அது மூழ்கினால் தன் விமானங்கள் வெறுமையாகும் என்ற அச்சத்தில் கோர்ட் லைனே அதை 1973இல் ஒரு பவுண்டுக்கு வாங்கியது. பின்னர் ரைட்ஸ் தொடங்கிய ஹொரைசனும் அதன் கைக்கு வந்தது. கட்டமைப்பைப் பார்த்தால் தாம்சனைப் போலவே விமானமும் தொகுப்பும் ஒரே வீட்டில். பிறகு ஏன் ஒன்று நின்றது, ஒன்று விழுந்தது? 1973 இறுதியில் எண்ணெய் விலை பல மடங்கானது. பிரிட்டனில் வாரத்துக்கு மூன்று நாள் மட்டுமே தொழிற்சாலைகள் இயங்கிய குளிர்காலம் அது. விடுமுறைக்கு முன்பணம் கட்ட யாருக்கும் மனம் வரவில்லை. கோர்ட் லைனிடம் இருந்தவை கடனும், தள்ளாடிய கப்பல் கட்டும் தளங்களும். தாம்சன் குழுமத்திடமோ நாளிதழ்கள் இருந்தன. வட கடலில் அதே 1973இல் கண்டறியப்பட்ட பைப்பர் எண்ணெய் வயலில் பங்கும் இருந்தது. எண்ணெய் நெருக்கடி ஒரு நிறுவனத்தைக் கொன்றது. மற்றொன்றின் முதலாளிக்கு அதே எண்ணெய் வருமானமாக வரவிருந்தது. பிரிட்டானியாவின் நீண்ட வாழ்வுக்கு அதன் நிர்வாகத் திறமையே காரணம் என்று எழுதப்படுவதை நான் முழுதாக ஏற்பதில்லை. திறமை இருந்தது. பின்னால் ஆழமான பையும் இருந்தது.

1974 ஆகஸ்ட் 15, விடுமுறைப் பருவத்தின் உச்சம். கோர்ட் லைன் வீழ்ந்தது. பல்லாயிரக்கணக்கானோர் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டனர். முழுப் பணமும் கட்டிவிட்டு ஊரில் காத்திருந்தவர்கள் அதைவிட அதிகம். சில வாரங்களுக்கு முன்புதான் தொழில்துறை அமைச்சர் டோனி பென், கப்பல் தளங்களை அரசு ஏற்பதால் அக்கோடை விடுமுறைகளுக்குப் பாதுகாப்பு என்ற பொருளில் நாடாளுமன்றத்தில் பேசியிருந்தார். மக்கள் அதை நம்பினார்கள். பின்னர் நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளரின் அறிக்கை அரசின் பொறுப்பைச் சுட்டிக்காட்டியது.

என் கேள்விக்கு அந்த ஆகஸ்டில் விடை கிடைத்தது. விமான நிறுவனம் நட்டத்தைப் பயண நிறுவனத்திடம் தள்ளியது. பயண நிறுவனம் வங்கியிடம் தள்ளியது. எல்லாரும் கைவிட்ட பின், ஆறு மாதம் முன்பே பணம் கட்டிய பயணியின் கணக்கில் அது வந்து விழுந்தது. அவர் கட்டிய முன்பணம்தான் அத்தனை நாளும் அத்தொழிலை ஓட்டிக்கொண்டிருந்தது. வட்டியில்லாக் கடன் கொடுத்தவருக்குக் கடன் கொடுத்தோம் என்பதே தெரியாது.

இதற்குப் பின் வந்த சட்டத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அட்டோல் என்ற உரிம முறை 1973இலேயே வந்திருந்தாலும், அதன்படி பயண நிறுவனங்கள் கட்டிய பிணைத்தொகை கோர்ட் லைன் வீழ்ச்சிக்குப் போதவில்லை. 1975ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சேமநிதியை ஏற்படுத்தியது. தொகுப்புப் பயண விற்பனையில் முதலில் 1 சதவீதமும் பின்னர் 2 சதவீதமும் வசூலித்து, இழந்தவர்களுக்கு ஈடு கொடுத்தது. அட்டோல் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

பிரிட்டானியாவின் பிற்காலத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். 1984இல் போயிங் 767 வந்தது. 1988இல் தாம்சன், மீண்டெழுந்த ஹொரைசன் குழுமத்தை வாங்க, அதன் ஓரியன் ஏர்வேஸ் பிரிட்டானியாவில் கரைந்தது. 1990களில் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதிகள் அட்டவணைச் சேவை, சார்ட்டர் என்ற வேலியையே எடுத்துவிட்டன. 1995இல் அதே லூட்டனிலிருந்து ஈஸிஜெட் பறக்கத் தொடங்கியது. விடுதியைத் தானே பார்த்துக்கொள்ளும் பயணி, இருக்கையை மட்டும் வாங்கினார். 2000இல் ஜெர்மனியின் பிராய்ஸாக் குழுமம் தாம்சன் டிராவலை வாங்கியது. அக்குழுமமே பின்னர் டூயி ஆனது. 2005இல் பிரிட்டானியா என்ற பெயர் மறைந்து தாம்சன்ஃபிளை ஆனது. 2008இல் ஃபர்ஸ்ட் சாய்ஸ் ஏர்வேஸுடன் இணைந்து தாம்சன் ஏர்வேஸ், 2017இலிருந்து டூயி ஏர்வேஸ்.

அதே 2017 அக்டோபரில் லூட்டனின் மற்றொரு பழைய நிறுவனம், 1968இல் பறக்கத் தொடங்கிய மோனார்க், வீழ்ந்தது. வெளிநாட்டில் ஏறத்தாழ 1,10,000 பேர். பெரும்பாலோர் இருக்கை மட்டும் வாங்கியவர்கள். தொகுப்புக்கான அட்டோல் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. இருந்தும் அரசு எல்லாரையும் கட்டணமின்றி அழைத்து வந்தது. இரண்டு ஆண்டில் தாமஸ் குக் என்ற பயண நிறுவனம் விழுந்தபோது 1,50,000 பேர். தொகுப்பை வாங்கியவரைக் காக்கும் சட்டம், இருக்கையை வாங்கியவரை இன்னும் அதே அளவுக்குக் காக்கவில்லை. 1974இன் குறை வேறு வடிவில் தொடர்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இங்கே கட்டுரை படிக்கவிருக்கும் இளைய ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். விமானப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, உரிம வாரிய விசாரணைகளையும், விடுமுறை விளம்பரக் கையேடுகளையும், நாடாளுமன்ற அறிக்கைகளையும் எடுங்கள். 1962இல் இருபது வயதில் யூராவியாவில் ஏறியவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். விமானப் பணியாளர், பராமரிப்புத் தொழிலாளர், முகவர் கடை ஊழியர், மயோர்க்காவின் விடுதிப் பணிப்பெண்கள், 1974 கோடையில் பணத்தை இழந்த குடும்பத்தினர் ஆகியோரின் வாய்மொழிகளை ஒலிப்பதிவு செய்ய நமக்கு இருக்கும் காலம் மிகக் குறுகியது. இந்தப் பணியை இந்த ஆண்டே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.